பொருள் எண் ஒன்பது

ஏப்ரல் 7, திங்கள்

எட்டு மணிக்கே கண் கூசும் வெயில். குடையில் ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது. சரி செய்ய வேண்டும். (போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்.)

செவ்வாய்ப்பேட்டை சந்தில் பருப்பு மூட்டை இறக்கும் லாரி குறுக்கே நின்றதில் பதினொரு மணி பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஜன்னலோரம். மல்லூர் தாண்டியதும் முன்னால் ஒரு கோழி வண்டி. கூண்டுகளிலிருந்து வெள்ளை இறகுகள் பிரிந்து பிரிந்து சாலை முழுக்க மிதந்தன. ஒன்று ஜன்னல் வழியே வந்து என் மடியில் உட்கார்ந்தது. அரைத் தூக்கம். பஸ் ஓடவில்லை, நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம், இறகுகள்தான் எங்களைக் கடந்து போகின்றன என்று தோன்றியது. பிறகு நாற்றம் அடித்தது. விழித்துக்கொண்டேன்.

ராசிபுரம் கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டார். கல்விப் பேரவைக் கூட்டம் 16ஆம் தேதி. பாடத்திட்டம், தேர்வு, வகுப்பு நேரம் எல்லாவற்றுக்கும் கடைசிச் சொல் அந்தப் பேரவைதான். துறைத் தலைவர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவர், வெளியாட்கள் இரண்டு மூன்று பேர். எனக்கு அதில் ஓட்டு இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் வணிகவியல் ஆசிரியை நான். ஜூனுக்கு ஜூன் புது ஆர்டர் வந்தால்தான் வேலை. பேரவையில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எடுக்க மட்டும்.

"ஜெசிந்தா மேடம், மினிட்ஸ் இந்த வருசமும் நீங்களே பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வருது."

"சரிங்க சார்."

"போன வருசத்து பைலைத் தொறந்து தேதிய மாத்துனாப் போதுமுங்க. புதுசா ஒண்ணுமில்ல."

புதிதாக ஒன்று இருக்கிறது. பொருள் எண் 9: இரண்டாம் ஷிப்ட் வகுப்புகளை முதல் ஷிப்டுடன் இணைத்தல். ஒரே வரி. நூலகத்துக்குப் பத்திரிகை வாங்குவதற்கும் 'இதர'வுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது.

இரண்டாம் ஷிப்ட் என்றால் மதியம் 1.30 முதல் 5.30. இணைத்துவிட்டால் எல்லாரும் காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும். காலையில் வர முடிந்தவர்கள் எதற்காக மதிய ஷிப்டில் சேர்ந்தார்கள் என்று பேரவையில் ஒருவராவது கேட்பார்களா?

மல்லிகா அக்கா டீ குடிக்கும்போது சொன்னார். (ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். இந்தக் கல்லூரி உண்மையில் யார் தலையில் ஓடுகிறது என்றால் அவர் தலையில். பேச்சுக்குப் பேச்சு 'சாமி' என்பார்.) "மத்தியானத்துக்கு ரூம்பு வேணுமாம் சாமி. தாளாளரோட மருமகன் போட்டித் தேர்வுக்குப் பயிற்சி மையம் வெக்கப் போறாராம். போர்டுகூட எழுதியாச்சுங்கறாங்க."

போர்டு எழுதியாகிவிட்டது. இனிமேல் பேரவை கூடி யோசிக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அதே வெயில். இரண்டாம் ஆண்டு வணிகவியல், மதிய ஷிப்ட், 31 பேர். கை தூக்கச் சொல்லி எண்ணினேன். காலையில் வேலைக்குப் போய்விட்டு இங்கே வருகிறவர்கள்:

கோழிப் பண்ணை – 6
தறி – 7
ஜவ்வரிசி மில் – 4
லாரி பாடி கட்டும் பட்டறை – 3
துணிக்கடை, மளிகைக்கடை – 4

ஆக 24. மீதி ஏழு பேரில் நான்கு பேர் வீட்டில் மாடு. அது வேலை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, கை தூக்கவில்லை.

"காலையில ஒன்பது மணிக்குக் காலேஜ்னா வருவீங்களா?"

சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து பட்டறை சதீஷ்: "கோமதி, உம் பண்ணைக் கோழிகிட்டச் சொல்லி ராத்திரியே முட்டை போட்டு வெக்கச் சொல்லிரு."

"நீ மொதல்ல உங்க மொதலாளிகிட்டச் சொல்லி லாரிய அதுவா பாடி கட்டிக்கச் சொல்லு. அப்பறம் நான் கோழிகிட்டச் சொல்றேன்" என்றாள் கோமதி.

வகுப்பு முடிந்து அவள் மட்டும் மேசைக்கு வந்தாள்.

"நெசமாவே மாத்தறாங்களாங்க மேடம்?"

"பேசிக்கிட்டு இருக்காங்க."

"மாத்துனா நான் நின்னுக்குவேனுங்க."

அழுகை இல்லை, கோபம் இல்லை. தன் ஊர் நிறுத்தம் வந்தால் இறங்கிக்கொள்வேன் என்று கண்டக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். ஒரு வருடம்தான் பாக்கி.

காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். அவள் அம்மாவும் அங்கேயே. மூன்றாவது பீரியடில் தூங்கிவிடுவாள். முதல் வருடம் ஒருநாள் எழுப்பித் திட்டினேன். "தூங்கலீங்க மேடம். கண்ணை மட்டுந்தான் மூடுனனுங்க. காது தொறந்துதான் இருந்துச்சு" என்று நான் நடத்திக்கொண்டிருந்த தேய்மானக் கணக்கை ஒப்பித்தாள். பாதி சரியாகவே இருந்தது. அதன் பிறகு திட்டுவதில்லை. மூன்றேகால் மணிக்கு அந்த வகுப்பறையே தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். மின்விசிறி மெல்லச் சுற்றும். வேப்பம்பூ ஜன்னல் கட்டையில் உதிர்ந்து கிடக்கும். என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்கும்.

ஏப்ரல் 10, வியாழன்

பேச வேண்டியதை எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்ததில் பக்கத்து சீட் அம்மாள் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார். நீளம். ஒரு பக்கமாகக் குறைத்தேன். 'மனிதாபிமான அடிப்படையில்' என்பதை அடித்தேன். பிச்சை கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் தங்கராசு சார். கணிதத் துறைத் தலைவர், பேரவையின் மூத்த உறுப்பினர். வெள்ளைச் சட்டைப் பையில் நான்கு பேனா.

"ஒன்பதாவது பத்தி நான் பேசப் போறேங்க சார்."

"பேசுங்க, பேசுங்க. நான் பின்னால நிக்கறேன்."

"ஓட்டுக்கு விட்டா?"

"ஓட்டா?" ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார். "இத்தனை வருசமா பேரவையில உக்காந்திருக்கறனுங்க. தோத்த தீர்மானம்னு ஒண்ணை இன்னும் பாக்கலை. ஆனா ஒண்ணு. நான் எதையும் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடறதில்ல. அது என் கொள்கை."

பின்னால் நிற்பார். நிச்சயமாகப் பின்னால்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. வெயிலில் ஓலையைப் பிடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றி ஊர்வலம். பாட்டு முன்னால் போக, கூட்டம் பின்னால் மிதந்தது. என் ஓலையில் சிலுவை செய்யத் தெரியாமல் மூன்று தடவை பிரித்துக் கட்டினேன். அம்மா பிடுங்கி ஒரே மடிப்பில் முடித்தார்.

"ஈஸ்டருக்குள்ள ஒரு தடவை பாவசங்கீர்த்தனம் பண்ணிடு. போன வருசமும் பண்ணல நீ."

"சொல்ற அளவுக்குப் பாவம் பண்ண நேரமில்லம்மா. பஸ்ஸுலயே நாலு மணி நேரம் போகுது."

"இந்த வாய் இருக்கே, இதைச் சொன்னாலே போதும்."

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று வருடப் பிறப்பு லீவு. நாளைக்குக் கூட்டம். இன்று மினிட்ஸ் தட்டச்சு.

ஆமாம், கூட்டம் நாளைக்கு, மினிட்ஸ் இன்றைக்கு. இங்கே அப்படித்தான். தீர்மானங்கள் முதல் நாளே தட்டச்சாகி, மறுநாள் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்ததும் வடை, டீயுடன் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கப்படும். பிறகுதான் கூட்டம் தொடங்கும். முதல் வருடம் நான் இதைக் கேட்டபோது முதல்வர் பொறுமையாக விளக்கினார்: "வெளியூர்க்காரங்க மத்தியானம் சாப்பிட்டுக் கெளம்போணுமுங்க. கூட்டம் முடிஞ்சு எழுதி, பிரிண்ட் எடுத்து, அப்பறம் கையெழுத்துன்னா யார் காத்திருப்பாங்க?"

யோசித்துப் பார்த்தால் கூட்டம்தான் கனவு. முன்பே எழுதி வைத்த ஒன்றை அதன் பிறகு எல்லாரும் சேர்ந்து காண்கிறார்கள்.

மல்லிகா அக்காவின் அறை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக வெயில். ஏ.சி. முதல்வர் அறையோடு சரி. போன வருடத்துப் பைலைத் திறந்து வேறு பெயரில் வைத்துக்கொண்டேன். தேதி மாற்றினேன். 1 முதல் 8 வரை முடித்தேன். ஒன்பதில் கை நின்றது. அந்த வரியை நானே தட்ட வேண்டும். 'ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று நானே எழுத வேண்டும். அப்புறம் வருவோம் என்று பத்துக்குப் போனேன்.

பத்து முடிந்தது. டீ வந்தது. கரண்ட் போய் வந்தது. கொஞ்ச நேரம் மேசையில் தலை வைத்தேன். ஒரு கனவு: நான் தட்டுவதெல்லாம் வெளியே நடக்கிறது. 'மழை' என்று தட்டினால் மழை. 'பஸ்' என்றால் வாசலில் பஸ். நடக்கக் கூடாததைத் தட்டிவிடுவேனோ என்று பயந்து விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"சாமி, எந்திரிங்க. பிரின்சிபால் கேக்கறாரு, பிரிண்ட் எடுத்தாச்சான்னு."

எடுத்தேன். இரண்டு படி. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் முதல்வர் பார்த்தார். "ஜோருங்க."

வீட்டுக்கு வந்ததும் பேச்சை இன்னொரு தடவை படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்குப் பச்சைச் சேலை.

ஏப்ரல் 16, புதன்

தலைவலி. கோபத்தில் எழுத்து கோணலாகப் போகிறது.

பத்தரைக்கு வந்தார்கள். வடை, சட்னி, டீ. மல்லிகா அக்கா பக்கங்களை ஒவ்வொருவர் முன்னாலும் விரித்துக்கொண்டே போனார். ஒரு கையில் வடை, ஒரு கையில் பேனா. ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பல்கலைக்கழகப் பிரதிநிதி கையெழுத்துப் போட்டுக்கொண்டே மருமகளிடம் போனில் பேசினார்.

பிறகு கூட்டம். முதல்வர் வாசித்தார், தலைகள் ஆடின. "ஒன்பது. ஷிப்ட் இணைப்பு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்க. பத்து…"

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. கணக்கைச் சொன்னேன்: முப்பத்தொன்றில் இருபத்துநான்கு. கோமதி பெயரைச் சொல்லாமல் கோமதியைச் சொன்னேன். காலை ஒன்பது மணிக்கு ராசிபுரத்தைச் சுற்றி எந்த எந்த வேலையில் யார் யார் கை இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் கை இல்லாமல் உங்கள் வடைக்கு உளுந்து வந்திருக்காது என்று எழுதி வைத்திருந்தேன், அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

யாரும் தடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், மழை நிற்கட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறவர்கள் மாதிரி. தங்கராசு சார் சட்டைப் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

முதல்வர்: "நல்ல கருத்துங்க மேடம். மினிட்ஸ்ல பதிவு பண்ணிக்குங்க."

எந்த மினிட்ஸில்? எல்லாரும் கையெழுத்துப் போட்டு அது மல்லிகா அக்காவின் மடியில் இருக்கிறது.

பத்து. இதர. சாப்பாடு. பாயசம் உட்பட.

பிரதிநிதிக்கு முன்னாலேயே ஸ்கேன் செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும், அப்போதுதான் அவர் வந்த வேலை முடியும். அனுப்பினோம். அவர் கிளம்பினார். வேப்ப மரத்தடியில் கார் போன பிறகும் புழுதி அப்படியே வெயிலில் நின்றுகொண்டிருந்தது, எங்கே போவது என்று தெரியாமல்.

1.30க்கு வகுப்பு. கூட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல் பாடம் நடத்தினேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

பன்னிரண்டரைக்குக் கல்லூரிக்குள் நுழைந்ததும் மல்லிகா அக்கா என் கையைப் பிடித்து ஆபீசுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். அட்மிஷன் விளம்பரம் தயார் செய்ய மினிட்ஸைப் பார்த்திருக்கிறார்.

"இதைக் கொஞ்சம் படிங்க."

பொருள் எண் 9: இரண்டாம் ஷிப்ட் வகுப்புகளை வரும் கல்வியாண்டிலும் தொடர்ந்து நடத்துதல். தீர்மானம்: ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

போன வருடத்து வாசகம். வருடா வருடம் சம்பிரதாயமாக வரும் பொருள். அப்படியே நிற்கிறது. கீழே எல்லாருடைய கையெழுத்தும், எண்ணெய்க் கறையும்.

"நீங்க வேணும்னே பண்ணுனீங்களா சாமி?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

ஒன்பதில் கை நின்றது தெரியும். திரும்பி வருவோம் என்று போனது தெரியும். திரும்பி வந்தேனா? மேசையில் தலை வைத்தேன். எழுந்தேன். பிரிண்ட் கொடுத்தேன். கொடுக்கும்போது ஞாபகம் வந்ததா? வந்ததை மறந்தேனா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

அக்கா தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர். "அந்தத் தங்கராசு சார் பேனாவைத் தொடைச்சுத் தொடைச்சுப் போட்டாரே கையெழுத்து. என்ன அழகா இருக்குது பாருங்க." சிரிப்பு நின்றதும்: "இதை அவர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகோணும். திங்கக்கெழமை சொல்றேன். மூணு நாள் லீவுல நல்லா கும்புட்டு வாங்க."

மாலை கோவில். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர், ஒன்பது, எட்டு. என்ன சொல்வது? பொய் எழுதினேன் என்றா? தூங்கினேன் என்றா? நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதியது பாவமா, அதில் தவறாக எழுதியது பாவமா? இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது விலகி வந்துவிட்டேன்.

"அதுக்குள்ளயா முடிஞ்சிருச்சு?" என்றார் அம்மா.

"இன்னும் முழுசா ஞாபகம் வரலம்மா."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று மணி அடிப்பதில்லை, மரச்சட்டத்தைத் தட்டுகிறார்கள். அந்தச் சத்தம் தட்டச்சு செய்வதுபோலக் கேட்டது. சிலுவைப் பாதை முழுக்க என் கால்கள் தரையில் படாததுபோல இருந்தது. நோன்பு. கஞ்சி. மதியம் தூக்கம். கனவில் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுகிறேன், பக்கங்களுக்கு நடுவில் எல்லாம் இறகுகள்.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் பிரியாணி மீதியை மல்லிகா அக்காவுக்குக் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, "சொல்லிட்டேன். உள்ளே போங்க" என்றார்.

முதல்வர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் 'ங்க' போட்டுத்தான் செய்வார்.

"உக்காருங்க மேடம். இது எப்படிங்க ஆச்சு?"

"போன வருசத்து வரி நின்னுபோச்சுங்க சார்."

"அதான் தெரியுதே." நெற்றியைத் தடவினார். "காலையில இருந்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். நீங்க என்ன தீர்மானத்துல கையெழுத்துப் போட்டீங்கன்னு ஞாபகம் இருக்குங்களான்னு கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுங்களா?"

"என்னங்க சார்?"

"யுனிவர்சிட்டிக்காரர், 'படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன், நல்ல தீர்மானம்'ங்கறார். தங்கராசு சார், 'நான் எதையும் படிக்காமப் போடறதில்ல, உங்களுக்கே தெரியும்'ங்கறார். ஒரு ஆளு படிக்கலைன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சிரிக்காதீங்க மேடம். தாளாளருக்கு நான் என்ன பதில் சொல்றது? மறுபடி பேரவை கூட்டோணும்னா நோட்டீஸ், பிரதிநிதி தேதி, அதுக்குள்ள அட்மிஷன் தொடங்கிரும். அதனால ஒண்ணு பண்ணுங்க. தட்டச்சுப் பிழைன்னு நீங்க ஒரு கடிதம் குடுத்துருங்க. பேரவை முடிவு இணைப்புதான், குறிப்பெடுத்தவங்க கவனக்குறைவால மாறிப்போச்சுன்னு. அதை வெச்சுத் திருத்தம் அனுப்பிக்கறேன். புதன்கெழமைக்குள்ள."

கதவு வரை வந்துவிட்டேன். "ஜூன் ஆர்டர் எல்லாம் என் கையிலதானுங்க வரும்" என்றார். மிரட்டும் குரல்கூட இல்லை. தபால் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரல்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அவர் கேட்ட கடிதம் பொய்யும் இல்லை. அதுதான் சிக்கல். வரி நின்றது பிழைதான். கொடுத்தால் உண்மை பேசியவள், மதிய ஷிப்ட் போகும். கொடுக்காவிட்டால் ஷிப்ட் நிற்கும், நான் ஒரு பிழையின் பின்னால் ஒளிந்துகொண்டவள். ஜூனில் வேலையும் போகும்.

எழுந்து நின்று பேசியதற்குக் கிடைக்காதது தூங்கி விழுந்ததற்குக் கிடைத்திருக்கிறது. இந்த நாட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு நல்லது நடக்க ஒருத்தி மேசையில் தலை சாய்ந்து தூங்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லி யாரிடம் பெருமைப்படுவது?

பேரவை இணைக்கவும் முடிவு செய்யவில்லை, தொடரவும் முடிவு செய்யவில்லை. ஒன்றுமே முடிவு செய்யவில்லை. வடை தின்றது. அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாவது பீரியட் முடிந்ததும் கோமதி: "மேடம், பண்ணையில எங்க சூப்பர்வைசர் கேக்கறாருங்க, ஜூன்ல இருந்து முழு நாளும் வாரயான்னு. என்னங்க சொல்லட்டும்?"

"எப்ப சொல்லணும்?"

"இந்த வாரத்துக்குள்ளங்க. இல்லாட்டி வேற ஆளை வெச்சுக்குவாராம்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் சொல்லாத."

"சரிங்க."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

பஸ்ஸில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று நான்கு வரி. இன்னொன்று முழுப் பக்கம். பஸ் ஆட்டத்தில் எழுத்தெல்லாம் தூக்கத்தில் நடக்கிறவர்கள் மாதிரி. வீட்டில் வந்து ஒன்றை மட்டும் நல்ல தாளில் படி எடுத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

கொடுத்துவிட்டேன்.

அதன் வாசகம் (மறந்துவிடாமல் இருக்க):

'கல்விப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்பு 15ஆம் தேதி மதியம், கூட்டத்துக்கு முதல் நாள், என்னால் தட்டச்சு செய்யப்பட்டது. பத்துத் தீர்மானங்களும் அப்போதே எழுதப்பட்டவை. ஒன்பதாம் பொருளில் சென்ற ஆண்டின் வாசகம் மாற்றப்படாமல் நின்றுவிட்டது. உறுப்பினர்கள் 16ஆம் தேதி கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்திட்டனர். ஒன்பதாம் பொருள் மீது வாக்கெடுப்பு நடக்கவில்லை. நான் தெரிவித்த கருத்தைப் பதிவு செய்யுமாறு முதல்வர் கூறினார். குறிப்பு ஏற்கனவே முடிந்துவிட்டதால் பதிவு செய்ய இயலவில்லை. எனவே பிழை ஒன்பதாம் பொருளில் மட்டும்தான் என்று என்னால் சொல்ல இயலாது.'

கீழே கையெழுத்து, தேதி. இன்றைய தேதி.

முதல்வர் இரண்டு தடவை படித்தார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"இதை எப்படிங்க மேடம் பைல்ல வெக்கறது?"

"அதுல பொய் ஒண்ணும் இல்லீங்க சார்."

"இல்லீங்க. அதனாலதான் கேக்கறேன்."

தாளை நான்காக மடித்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். கடைசியில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாலு வரிதானுங்க கேட்டேன்."

"நாலு வரியில அடங்கலீங்க சார்."

அவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா தெரியவில்லை. "வகுப்புக்கு நேரமாச்சு, போங்க."

வராந்தாத் தூணருகே நின்றேன். கீழே மைதானத்தில் மதிய ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத் தலை, எண்ணெய்க் கை, பஞ்சு ஒட்டிய சட்டை. வெயிலில் அவர்களுடைய நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. யாரும் யாரையும் பார்க்காமல், பாதித் தூக்கத்தில், வகுப்பைப் பார்த்து நடந்து வந்தார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடிகாலையில் தூறல். புழுதி வாசனை. குடைக் கம்பி இன்னும் அப்படியே.

அச்சகத்திலிருந்து அட்மிஷன் கையேட்டின் புரூஃப் வந்திருக்கிறது. மல்லிகா அக்கா மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'இரண்டாம் ஷிப்ட்: மதியம் 1.30 முதல் 5.30 வரை.' ஓரத்தில் முதல்வரின் சுருக்கொப்பம். சரி பார்க்கப்பட்டது.

"தாளாளர் ரெண்டு நாளா போன்ல கத்தறாரு. நம்மாளு திருத்தம் அனுப்பலை, ஒரே பதில். 'பேரவை முடிவுங்க, நான் என்னங்க பண்றது?' அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு பேசிக்கறாங்க. பயிற்சி மையத்துக்கு இப்பத்திக்குக் கல்யாண மண்டபத்து மாடியாம்."

அடுத்த வருடம் அந்த வரி முதலிலேயே தட்டச்சாகிவிடும். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். தூங்காமல் செய்ய வேண்டும். 24 பேரிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். மற்ற வகுப்புகளிலும். மாடு வைத்திருக்கும் நான்கு பேரிடமும்.

தங்கராசு சார் வழியில் நிறுத்தினார். "பாத்தீங்களா மேடம், பின்னால நிக்கறேன்னு சொன்னனே." முந்திரி கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடம் ஜூன் ஆர்டர் பற்றிக் கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"லிஸ்ட்டு நான்தான் தட்டறேன். உங்க பேரை எடுக்கச் சொல்லி இது வரைக்கும் யாரும் சொல்லலை. சொல்லாத வரைக்கும் போன வருசத்து பைல்தான் சாமி."

மூன்றேகால். மூன்றாவது பீரியட். மின்விசிறி, வேப்பம்பூ, தண்ணீருக்கடி. கோமதி ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தாள். கையேட்டு விஷயத்தை எழுப்பிச் சொல்லலாமா என்று பக்கத்தில் போய் நின்றேன். எழுப்பவில்லை. காது திறந்திருக்கும் அல்லவா, குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"சரிங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.